ஜகார்த்தா அனுப்ப மறுத்த குப்பிகள்

இந்த எபிசோடை ஒரு கப்பலில் இருந்து ஆரம்பிக்கலாம்.

1957 மே மாதம். சிங்கப்பூரிலிருந்து கிளம்பிய ஒரு பயணிகள் கப்பல் மெட்ராஸ் துறைமுகத்துக்கு வருகிறது. அந்தக் காலத்தில் சிங்கப்பூர், பினாங்கு, நாகப்பட்டினம், மெட்ராஸ் என்று கப்பல்கள் நம்ம ஊர் பஸ் மாதிரி போய் வந்துகொண்டிருந்தன. 'ரஜூலா' என்ற பெயரை உங்க வீட்டுப் பெரியவங்க யாராவது சொல்லிக் கேட்டிருக்கலாம், அந்த ரூட்டில் பல வருஷம் ஓடிய கப்பல் அது. மலாயாவில் சம்பாதித்து ஊர் திரும்புகிறவர்கள், கல்யாணத்துக்கு வருகிறவர்கள், வியாபாரிகள் என்று எல்லாரும் அதில்தான் வருவார்கள். இந்தத் தடவை மெட்ராஸுக்கு வந்த கப்பலில் பலருக்குக் காய்ச்சல். சில நாளில் நகரத்துக்குள் காய்ச்சல். சில வாரங்களில் நாடு முழுக்க. பின்னாடி 'ஆசிய ஃப்ளூ' என்று பெயர் வாங்கின கொள்ளைநோய் இந்தியாவுக்குள் நுழைந்த வாசல் நம்ம மெட்ராஸ்தான்.

அப்போது இந்தியாவின் இன்ஃப்ளுயன்ஸா மையம் டெல்லியில் இல்லை, பம்பாயிலும் இல்லை. குன்னூரில் இருந்தது. சிம்ஸ் பார்க் போற வழியில் பாத்திருப்பீங்களே, பாஸ்டர் இன்ஸ்டிட்யூட், அங்கேதான். 1907இல் நாய்க்கடி சிகிச்சைக்காகத் தொடங்கிய இடம். நோயாளிகளிடம் எடுத்த தொண்டைக் கழுவல் மாதிரிகளிலிருந்து வைரஸைப் பிரித்து, "இது பழைய ஃப்ளூ இல்லை, புதுசு" என்று பார்த்துச் சொன்னவர்கள் அந்த மலைமேல் இருந்தவர்கள்.

இந்தியாவில் அந்த அலையில் பதிவான நோயாளிகள் 44 லட்சத்துக்கும் மேல். பதிவான இறப்புகள் ஆயிரத்துச் சொச்சம். உலகம் முழுக்க அந்த ஃப்ளூவால் இறந்தவர்கள் சுமார் 11 லட்சம் என்பது பிற்கால மதிப்பீடு. ஒரு நிமிஷம் கணக்குப் போட்டுப் பாருங்க. அன்றைக்கு உலகத்தில் ஏழில் ஒருவர் இந்தியர். மற்ற இடங்களில் இறந்த அதே விகிதத்தில் இங்கேயும் இறந்திருந்தால் ஒன்றரை லட்சம் வரணும். வந்தது ஆயிரத்துச் சொச்சம். ஒன்று நேரடிப் பதிவு, மற்றது மதிப்பீடு, ரெண்டையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடக்கூடாதுதான். ஆனால் நம்மை ஃப்ளூ மட்டும் கருணையோடு விட்டுவிட்டது என்று நம்ப எனக்கு மனசு வரலை. எண்ணுவதற்கு ஆள் இல்லை, அவ்வளவுதான்.

நோயைக் கண்காணிப்பது என்றால் முதலில் எண்ணுவது. அந்த எண்ணும் வேலையை நாடுகள் சேர்ந்து செய்ய ஆரம்பித்த கதையும், ஐம்பது வருஷம் கழித்து ஒரு நாடு "நான் இனி அனுப்ப மாட்டேன்" என்று சொன்ன கதையும்தான் இன்றைக்கு.

ஒரு தும்மலில் தொடங்கிய நெட்வொர்க்

1918 ஃப்ளூவில் கோடிக்கணக்கானோர் செத்தபோது அது ஒரு வைரஸ் என்றே யாருக்கும் தெரியாது. 1933இல்தான் லண்டனில் வில்சன் ஸ்மித், கிறிஸ்டோபர் ஆண்ட்ரூஸ், பேட்ரிக் லெயிட்லா மூவரும் மனித ஃப்ளூ வைரஸைப் பிரித்தெடுத்தார்கள். கீரி மாதிரி இருக்குமே, ஃபெரெட், அதற்கு இந்த நோய் தொற்றும் என்று கண்டுபிடித்தார்கள். நோயுற்ற ஒரு ஃபெரெட் ஸ்மித்தின் முகத்துக்கு நேராகத் தும்ம, அவருக்கே ஃப்ளூ வந்தது. அவரிடமிருந்து எடுத்த வைரஸுக்கு அவருடைய இனிஷியலையே பெயராக வைத்தார்கள்.

அடுத்து, தடுப்பூசி. இரண்டாம் உலகப்போரில் அமெரிக்க ராணுவத்துக்கு ஃப்ளூ ஊசி போட்டார்கள், நன்றாக வேலை செய்தது. 1947இல் அதே ஊசி சுத்தமாகக் கைவிட்டது. வைரஸ் மாறிவிட்டிருந்தது. அம்மைத் தடுப்பூசி மாதிரி ஒரு தடவை செய்து முடிக்கிற விஷயம் இது இல்லை என்பது அப்போதுதான் புரிந்தது. வைரஸ் வருஷா வருஷம் தன் மேல்சட்டையை மாற்றுகிறது. இந்த வருஷ ஊசிக்கு இந்த வருஷ வைரஸ் வேணும். அது இப்போது எந்த ஊரில் சுற்றுகிறதோ, அந்த ஊரிலிருந்து வேணும்.

அதனால் 1947இலேயே லண்டனில் உலக இன்ஃப்ளுயன்ஸா மையம் என்று ஒன்றைத் திட்டமிட்டார்கள். பொறுப்பு அதே ஆண்ட்ரூஸிடம். உலக சுகாதார நிறுவனம் முறையாகப் பிறந்ததே 1948இல்தான். அதற்கு முந்தின இடைக்காலக் குழு செய்த ஏற்பாடு இது. 1952இல் அது பல நாட்டு ஆய்வகங்கள் சேர்ந்த நெட்வொர்க்காக ஆனது. இன்றைக்கு 120க்கும் மேற்பட்ட நாடுகளில் சுமார் 150 ஆய்வகங்கள். இந்தியாவுக்கு இப்போது புனேயில் இருக்கும் தேசிய வைராலஜி நிறுவனம். அதுவும் 1952இல் அமெரிக்காவின் ராக்ஃபெல்லர் அறக்கட்டளையும் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் சேர்ந்து ஆரம்பித்ததுதான்.

இது எப்படி வேலை செய்கிறது? ஒரு ஆஸ்பத்திரியில் காய்ச்சலோடு வருகிறவரின் மூக்கிலோ தொண்டையிலோ ஸ்வாப் எடுக்கிறார்கள். கோவிடுக்கு அப்புறம் இதை யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. அது அந்த நாட்டின் மையத்துக்குப் போகும். அங்கே வைரஸை வளர்த்து, பழகின முகமா புது முகமா என்று பார்ப்பார்கள். குறிப்பிட்ட சில குப்பிகள் டிரை ஐஸில் லண்டன், அட்லாண்டா, மெல்பர்ன், டோக்கியோ, பெய்ஜிங் மாதிரியான பெரிய மையங்களுக்குப் பறக்கும். வருஷத்துக்கு ரெண்டு தடவை, பிப்ரவரியிலும் செப்டம்பரிலும், நிபுணர்கள் உட்கார்ந்து அடுத்த சீசன் ஊசியில் எந்த எந்த வைரஸ் என்று முடிவு செய்வார்கள். பிறகு கோழிமுட்டையில் நன்றாக வளர்கிற மாதிரி அந்த வைரஸைத் தயார்பண்ணி மருந்துக் கம்பெனிகளுக்குக் கொடுப்பார்கள். ஆறு மாதத்தில் ஊசி வரும்.

இவ்வளவு பெரிய விஷயம் பல பத்தாண்டுகள் எந்த எழுத்துப்பூர்வ ஒப்பந்தமும் இல்லாமல் ஓடியது. யார் யாருக்கு என்ன கடன்பட்டிருக்கிறார்கள் என்று ஒரு காகிதம் கிடையாது. விஞ்ஞானிகளுக்குள் இருந்த பழக்கம், நம்பிக்கை, அவ்வளவுதான். அதைப் படித்தபோது உண்மையிலேயே மரியாதை வந்தது. கூடவே கொஞ்சம் பயமும்.

வலையில் ஓட்டை

1957க்கே திரும்பிப் போவோம். இந்த நெட்வொர்க்குக்கு வந்த முதல் பெரிய பரீட்சை அது.

நோய் வெளிப்பட்டது வருஷ ஆரம்பத்தில், தென்சீனாவின் குய்சோ மாகாணத்தில். சீன ஆய்வகங்களிலேயே அந்த வைரஸைப் பிரித்தெடுத்தும் இருந்தார்கள். ஆனால் சீன மக்கள் குடியரசு அப்போது உலக சுகாதார நிறுவனத்தில் கிடையாது. சீனாவின் இடத்தில் உட்கார்ந்திருந்தது தைவான். ஆக, உலகத்தின் மிகப்பெரிய மக்கள்தொகை வலைக்கு வெளியே. ஏப்ரலில் ஹாங்காங்கில் லட்சக்கணக்கானோர் படுத்த பிறகுதான் வெளியுலகத்துக்கு வாசனை பிடித்தது.

அதுவும் எப்படி? வாஷிங்டனில் ராணுவ ஆராய்ச்சி நிலையத்தில் இருந்த மாரிஸ் ஹில்லமன் ஏப்ரல் 17 அன்று நியூயார்க் டைம்ஸ் படிக்கிறார். ஹாங்காங்கில் இரண்டரை லட்சம் பேருக்குச் சிகிச்சை நடக்கிறது என்று செய்தி. இது கொள்ளைநோய்தான் என்று அவருக்கு உறைக்கிறது. ஹாங்காங் பக்கம் போய் நோய்ப்பட்ட ஒரு கடற்படை வீரரிடமிருந்து மாதிரி வரவழைக்கிறார். நம்ம கப்பல் மெட்ராஸ் வந்த அதே மே மாதத்தில் அது அவர் கைக்கு வருகிறது. சோதித்துப் பார்த்தால், இந்த வைரஸுக்கு எதிர்ப்புசக்தி கிட்டத்தட்ட யாரிடமும் இல்லை. எழுபது, எண்பது வயது தாண்டின சிலரிடம் மட்டும் இருந்தது, 1889-90 கொள்ளைநோய்க் காலத்தில் பிறந்திருந்தவர்கள். உடனே கம்பெனிகளைப் பிடித்து வேலையில் இறக்கினார். இலையுதிர் காலத்துக்குள் சுமார் 4 கோடி டோஸ் தயார், அமெரிக்கர்களுக்கு.

ஹில்லமனை ஹீரோவாக வைத்துத்தான் இந்தக் கதையை எல்லாரும் சொல்வார்கள். தப்பில்லை, மனுஷன் அசாத்தியமானவர். ஆனால் நான் பார்க்கிறது வேறு. வைரஸ் ஆசியாவிலிருந்து வருது. தகவலும் ஆசியாவிலிருந்து வருது. மருந்து மட்டும் வேற ஊரில், வேற ஆட்களுக்கு. குன்னூரில் வைரஸைக் கண்டுபிடித்துச் சொன்னவர்களுக்கும் மெட்ராஸில் காய்ச்சலில் கிடந்தவர்களுக்கும் நடுவில் ஒரு தடுப்பூசி கிடையாது. அன்றைக்கு இதை யாரும் ஒரு பிரச்சினையாகப் பேசவும் இல்லை.

தாங்கராங், காரோ, அப்புறம் ஒரு பாஸ்வேர்டு

இப்போ நேரா 2005க்கு, இந்தோனேசியாவுக்கு.

பறவைக்காய்ச்சல் என்று நாம் சொல்கிற ஹெச்5என்1, மனிதர்களை முதலில் தாக்கியது 1997இல் ஹாங்காங்கில். 18 பேருக்குத் தொற்றி 6 பேர் இறந்தார்கள். சந்தைக் கோழிகளை மொத்தமாக அழித்து நிறுத்தினார்கள். சில வருஷத்தில் அது ஆசியா முழுக்கப் பண்ணைகளில் பரவியது. இந்தோனேசியாவில் வீட்டுக்கு வீடு கொல்லையில் கோழி. 2005 ஜூலையில் ஜகார்த்தா பக்கத்தில் தாங்கராங் என்ற இடத்தில் முதல் மனித இறப்புகள். 2006இல் உலகத்திலேயே மோசமாக அடிபட்ட நாடு அதுதான். தொற்றியவர்களில் நான்கில் மூன்று பேருக்கு மேல் இறந்துகொண்டிருந்தார்கள்.

2006 மே மாதம் வட சுமத்ராவில் காரோ மாவட்டத்தில் ஒரே கூட்டுக் குடும்பத்தில் எட்டுப் பேருக்கு நோய். ஏழு பேர் இறந்தார்கள். கோழியிலிருந்து மனிதனுக்கு வந்தது சரி, மனிதனிலிருந்து மனிதனுக்கும் போகிறதா? உலகமே மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தது. குப்பிகள் ஹாங்காங்குக்கும் அட்லாண்டாவுக்கும் பறந்தன. குடும்பத்துக்குள் பரவியிருக்கிறது, ஆனால் அதற்கு வெளியே போகவில்லை என்று முடிவு வந்தது.

இங்கேதான் நம்ம ஆட்களுக்குச் சுளீர்னு படுகிற ஒரு விவரம் வருது. அந்தக் காலத்தில் ஹெச்5என்1 மரபணுத் தொடர்களில் பல, அமெரிக்காவின் லாஸ் அலமோஸ் ஆய்வகத்தில் இருந்த ஒரு டேட்டாபேஸில் இருந்தன. பாஸ்வேர்டு போட்டது. உலகத்தில் பதினைந்து ஆய்வகம் போலத்தான் அதற்குள் போக முடியும். வைரஸ் கொடுத்த நாட்டு விஞ்ஞானிக்கே தன் நாட்டு வைரஸின் தொடரைப் பார்க்க வேறு யாரிடமாவது கேட்கணும். இத்தாலியின் இலாரியா கப்புவாவுக்கு அந்தப் பாஸ்வேர்டு கொடுக்க முன்வந்தார்கள். அவர் வேண்டாம் என்று சொல்லி, தன்னிடமிருந்த தொடரை யார் வேண்டுமானாலும் பார்க்கிற பொதுத்தளத்தில் போட்டார். அது 2006 தொடக்கத்தில். அந்த ஆகஸ்டில் இந்தோனேசியாவும் தன் தொடர்களை வெளியிடச் சொன்னது. இதைக் கவனிங்க. பிற்பாடு 'ஒளித்துவைக்கிற நாடு' என்று திட்டு வாங்கப்போகிற நாடு, டேட்டாவைத் திறந்துவிட்ட நாடுகளில் ஒன்று.

"இனி அனுப்ப மாட்டோம்"

சிதி ஃபதிலா சுபாரி, இந்தோனேசியாவின் சுகாதார அமைச்சர். இதயநோய் மருத்துவர். ஜகார்த்தா அனுப்பின வைரஸை வைத்து ஆஸ்திரேலியாவில் ஒரு கம்பெனி தடுப்பூசி செய்கிறது என்ற தகவல் அவருக்கு வருகிறது. யாரும் இவர்களிடம் கேட்கவில்லை. இத்தனைக்கும் 2005 மார்ச்சில் உலக சுகாதார நிறுவனம் வெளியிட்ட வழிகாட்டுதலிலேயே, வைரஸ் கொடுத்த நாட்டின் அனுமதி இல்லாமல் அதை நெட்வொர்க்குக்கு வெளியே கொடுக்கக்கூடாது என்று இருந்தது. அவர்களே எழுதியது, அவர்கள் நெட்வொர்க்கே கடைப்பிடிக்கலை. பிற்பாடு அந்த வழிகாட்டுதல் இணையதளத்திலிருந்தும் காணாமல் போனது.

தடுப்பூசி வந்தால் இந்தோனேசியாவுக்குக் கிடைக்குமா? காசு கொடுத்தால் கிடைக்கும். வரிசையில் நின்றால் கிடைக்கும். வரிசையில் முன்னாடி நிற்பது, ஏற்கெனவே கம்பெனிகளோடு முன்பணம் போட்டு ஒப்பந்தம் செய்துவைத்திருக்கும் பணக்கார நாடுகள்.

2006 கடைசியில் ஜகார்த்தா குப்பிகள் அனுப்புவதை நிறுத்தியது. 2007 பிப்ரவரியில் விஷயம் வெளியே வெடித்தது. அதே மாதம் பாக்ஸ்டர் என்ற அமெரிக்கக் கம்பெனியோடு இந்தோனேசியா தனியாக ஒரு புரிந்துணர்வு ஒப்பந்தமும் போட்டது.

சாஃப்ட்வேர் வேலை பார்க்கிறவங்களுக்கு இதை இப்படிச் சொல்லலாம். ஒரு ரெப்போ இருக்கு, உள்ளே லைசன்ஸ் ஃபைல் இல்லை. நம்ம உலகத்தில் அதற்கு என்ன அர்த்தம்? எழுதினவரிடம்தான் எல்லா உரிமையும், மற்றவர் தொடக்கூடாது. நிறைய பேர் தலைகீழாக நினைப்பார்கள், ஆனால் சட்டம் அதுதான். வைரஸ் உலகத்தில் அறுபது வருஷம் நடந்தது நேரெதிர். லைசன்ஸ் இல்லை, அதனால் யாரும் எடுக்கலாம். எடுத்து மேலே கட்டினதற்குக் காப்புரிமை வாங்கி விற்கலாம். முதல் கமிட் போட்டவனுக்கு நன்றி கூடச் சொல்ல வேண்டியதில்லை.

சுபாரியின் சட்ட வாதமும் கிட்டத்தட்ட இதுதான். 1993இல் நடைமுறைக்கு வந்த உயிரியல் பன்மை ஒப்பந்தப்படி ஒரு நாட்டின் மரபணு வளங்கள் அந்த நாட்டுக்கு உரியவை. மூலிகைக்கும் விதைக்கும் அது பொருந்தும் என்றால் வைரஸுக்கு ஏன் பொருந்தாது? 'வைரஸ் இறையாண்மை' என்று இதற்குப் பெயரே வந்துவிட்டது. மறுபக்கம் சொன்னதையும் லேசாகத் தள்ள முடியாது. வைரஸுக்குப் பாஸ்போர்ட் கிடையாது, இதை வளம் என்று சொல்லிப் பூட்டிவைத்தால் நாளைக்கு ஒரு ஆபத்தான மாற்றம் வரும்போது யாருக்கும் தெரியாது. மரத்தையும் மஞ்சளையும் மாதிரி பாதுகாக்க வேண்டிய பொருளா இது, ஒழிக்க வேண்டியது இல்லையா?

சுபாரியைப் புனிதராக்க நான் வரலை. 2008இல் அவர் எழுதின புத்தகத்தில் இந்த வைரஸ்களை அமெரிக்கா ஆயுதமாக்கலாம் என்கிற ரேஞ்சுக்குப் போனார். அதற்கு ஆதாரம் கிடையாது. 2017இல் அவர் காலத்து மருத்துவ உபகரணக் கொள்முதல் ஊழல் வழக்கில் நாலு வருஷ சிறைத்தண்டனையும் வாங்கினார். ஆனால் அந்தச் சந்தேகம் வானத்திலிருந்து விழுந்ததும் இல்லை. ஜகார்த்தாவில் 1970களில் இருந்தே அமெரிக்கக் கடற்படையின் ஒரு மருத்துவ ஆய்வகம் இயங்கிவந்தது. நல்ல ஆராய்ச்சி செய்த இடம்தான், இந்தோனேசிய விஞ்ஞானிகள் பலர் அங்கே வேலை பார்த்தார்கள். ஆனால் வேற நாட்டு ராணுவம், தூதரகப் பாதுகாப்பு கேட்கிற ஊழியர்கள், உள்ளூர் ஆட்களின் ரத்த மாதிரிகள். நம்ம ஊரில் அப்படி ஒன்று இருந்தால் டீக்கடையில் என்ன பேசுவோம் என்று யோசித்துப் பாருங்க. கூட்டு ஆராய்ச்சி என்ற வார்த்தையில் 'கூட்டு' எவ்வளவு, 'யாருக்கு' எவ்வளவு என்ற கேள்வி அங்கே ரொம்ப நாளாகவே இருந்தது. கொஞ்ச வருஷத்தில் அந்த ஆய்வகத்தையும் மூடினார்கள்.

அவர் செய்தது சரியா? என் கருத்தைச் சொல்லிடறேன். அது ஆபத்தான சூதாட்டம். அந்த மாதங்களில் வைரஸ் மாறியிருந்தால் முதலில் செத்திருப்பவர்கள் இந்தோனேசியர்கள். ஆனால் அவர் நிறுத்தும் வரை யாரும் பேச்சுவார்த்தை மேசைக்கு வரவில்லை. நிறுத்தினதும் சில வாரத்திலேயே உலக சுகாதார நிறுவனத்தின் அதிகாரிகள் ஜகார்த்தாவுக்கு ஓடினார்கள். 2007 மே மாதம் உலக சுகாதாரப் பேரவை புது ஏற்பாடு வேண்டும் என்று தீர்மானம் போட்டது. அந்த ஜூனில்தான் புதிய சர்வதேச சுகாதார விதிகளும் நடைமுறைக்கு வந்தன. அதன்படி நோய் வந்தால் உடனே உலகத்துக்குச் சொல்லியாகணும். மாதிரி அனுப்பணுமா? அதைப் பற்றி அதில் தெளிவாக ஒரு வரி கிடையாது.

ஒரு காகிதத்துக்கு நாலு வருஷம்

பேச்சுவார்த்தை நாலு வருஷம் இழுத்தது. நடுவில், 2009இல், நிஜமாகவே ஒரு கொள்ளைநோய் வந்து இந்தோனேசியா சொன்னதை நிரூபித்துக் காட்டிவிட்டுப் போனது. அது வந்தது ஆசியாவிலிருந்து இல்லை, வட அமெரிக்காவிலிருந்து. பன்றிக்காய்ச்சல். மெக்சிகோ தயங்காமல் மாதிரிகளைக் கனடாவுக்கும் அமெரிக்காவுக்கும் அனுப்பியது. தடுப்பூசி தயாரானபோது முதல் வரிசை பணக்கார நாடுகளுக்கு முன்பதிவாகியிருந்தது. ஆஸ்திரேலியக் கம்பெனி ஒன்று அமெரிக்காவுக்குக் கொடுக்க ஒத்துக்கொண்டதைக்கூட, முதலில் உள்ளூர்த் தேவை என்று அந்த நாட்டு அரசு தள்ளிப்போட வைத்தது. அமெரிக்காவுக்கே அந்தக் கதி. உலக சுகாதார நிறுவனம் நன்கொடை திரட்டி 77 நாடுகளுக்கு சுமார் 7.8 கோடி டோஸ் அனுப்பியது. பெரும்பகுதி போய்ச் சேர்ந்தபோது அலை அடங்கியிருந்தது.

2011 மே மாதம், மெக்சிகோவும் நார்வேயும் இணைத்தலைமை வகித்த பேச்சுவார்த்தை முடிந்து, கொள்ளைநோய் இன்ஃப்ளுயன்ஸா ஆயத்தக் கட்டமைப்பு என்ற ஏற்பாடு நிறைவேறியது. பெயர் நீளம், விஷயம் எளிமை. நாடுகள் வைரஸைச் சீக்கிரம் அனுப்பணும். அதை வாங்கும் கம்பெனிகள் கையெழுத்துப் போடணும். கொள்ளைநோய் வந்தால் தன் உற்பத்தியில் குறைந்தது 10 சதவீதத்தை உலக சுகாதார நிறுவனத்துக்கு இலவசமாகத் தருவது, இல்லை அந்தப் பங்கைக் கட்டுப்படியாகும் விலையில் ஒதுக்கிவைப்பது என்பது மாதிரி வாக்குறுதிகளில் தேர்ந்தெடுத்துக் கொடுக்கணும். அதோடு நெட்வொர்க்கை நடத்துகிற செலவில் பாதியைக் கம்பெனிகள் சேர்ந்து தரணும், வருஷத்துக்கு சுமார் 2.8 கோடி டாலர். அந்தப் பணத்தில் ஆய்வகமே சரியாக இல்லாத நாடுகளில் ஆய்வகம் அமைப்பது, ஆட்களைப் பயிற்றுவிப்பது எல்லாம் நடக்கிறது.

இப்படி எல்லா நாடும் ஒத்துக்கொண்ட ஒரு லைசன்ஸ் ஃபைல் பொது சுகாதார உலகத்தில் அதுவரைக்கும் இருந்ததில்லை. ஒரு அமைச்சரின் முரட்டுப் பிடிவாதத்தில் வந்தது.

பின்குறிப்பு மாதிரி ஒன்று. ஃப்ளூ வைரஸுக்குப் பெயர் வைக்க ஒரு முறை உண்டு: வகை, கிடைத்த இடம், எண், ஆண்டு. 2013 நவம்பரில் அமெரிக்காவின் உணவு மருந்து நிர்வாகம் ஒரு ஹெச்5என்1 தடுப்பூசிக்கு அனுமதி கொடுத்தது. கடையில் விற்பதற்கு இல்லை, அந்த நாட்டு அரசின் அவசரக் கையிருப்புக்கு. அந்த ஊசி எந்த வைரஸை வைத்துச் செய்தது தெரியுமா? 'ஏ/இந்தோனேசியா/5/2005'.

குப்பி வேண்டாம், ஃபைல் போதும்

2011 கட்டமைப்பில் ரெண்டு பெரிய சந்து இருக்கு. ஒன்று, அது கொள்ளைநோயாக மாறக்கூடிய ஃப்ளூவுக்கு மட்டும். சீசன் ஃப்ளூவுக்குக் கிடையாது, எபோலாவுக்குக் கிடையாது, கொரோனாவுக்குக் கிடையாது. ரெண்டாவது இன்னும் முக்கியம். அந்த ஒப்பந்தம் முழுக்க குப்பியைச் சுற்றிக் கட்டியது. குப்பி கை மாறும்போதுதான் கையெழுத்து.

ரெண்டே வருஷத்தில் அது ஆட்டம் கண்டது. 2013 மார்ச் கடைசியில் சீனா, ஹெச்7என்9 என்ற புது வைரஸின் மரபணுத் தொடரை கிஸ்எய்ட் என்ற தளத்தில் ஏற்றியது. நோவார்ட்டிஸ் கம்பெனியும் கிரெய்க் வென்ட்டரின் நிறுவனமும் அந்தத் தொடரை டவுன்லோடு செய்து, தேவையான மரபணுக்களை வேதியியல் முறையில் தயாரித்து, சீனாவிலிருந்து குப்பி வந்து சேருவதற்கு முன்னாடியே தடுப்பூசி வைரஸை உருவாக்கிவிட்டார்கள். சில நாட்களில்! பொறியியல் சாதனையாகப் பார்த்தால் கைதட்டலாம். ஆனால் குப்பி வரலைன்னா கையெழுத்து எங்கே?

அந்த கிஸ்எய்ட் தளமே 2006 சண்டையிலிருந்து பிறந்தது. பாஸ்வேர்டு டேட்டாபேஸ் மேல் வந்த எரிச்சலில் பல விஞ்ஞானிகள் சேர்ந்து கேட்டது, 2008இல் திறந்தது. யாரும் பதிவு செய்து உள்ளே போகலாம், ஆனால் டேட்டா கொடுத்தவரைக் குறிப்பிடணும், அவரோடு சேர்ந்து வேலை செய்ய முயற்சி எடுக்கணும் என்று ஒத்துக்கொண்டுதான் போகமுடியும். நம்ம மொழியில், பொதுவெளியும் இல்லை, பூட்டும் இல்லை, நடுவில் ஒன்று. கோவிடில் உலகம் முழுக்கத் தொடர்கள் அங்கேதான் குவிந்தன. ஃப்ளூவுக்காக எழுபது வருஷமாகக் கட்டின ஆய்வகங்கள் பலவும் ராத்திரி பகலாக கொரோனா சோதனை செய்தன.

அப்புறம் 2021 நவம்பர். போட்ஸ்வானாவும் தென்னாப்பிரிக்காவும் ஒரு விசித்திரமான தொடரைப் பார்த்து, உடனே உலகத்துக்குச் சொன்னார்கள். ஒமிக்ரான். சில நாளில் அவர்களுக்குக் கிடைத்தது விமானத் தடை. தடுப்பூசி வரிசையில் ஆப்பிரிக்கா எங்கே நின்றது என்பது எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும். அடுத்த தடவை ஒரு நாட்டு ஆய்வகத்தில் யாரோ ஒருத்தர் புதுத் தொடரைப் பார்க்கும்போது, அப்லோடு பட்டனை அமுக்குவதற்கு முன்னாடி அவருடைய அமைச்சர் என்ன யோசிப்பார்? கண்காணிப்பு நெட்வொர்க் என்று நாம் சொல்வது சென்சார்களும் டேஷ்போர்டுகளும் இல்லை, அந்த ஒரு நிமிஷ யோசனை.

2025 மே மாதம் ஜெனீவாவில் கொள்ளைநோய் ஒப்பந்தம் ஒன்று நிறைவேறியது. கம்பெனிகள் கொள்ளைநோய்க் காலத்தில் தங்கள் உற்பத்தியில் 20 சதவீதத்தை உலக சுகாதார நிறுவனத்துக்குக் கிடைக்கச் செய்யணும், அதில் குறைந்தது பாதி நன்கொடை என்பது இலக்கு. ஃப்ளூவோடு நிற்காது, மற்ற நோய்க்கிருமிகளுக்கும் சேர்த்து. ஆனால் யார் எதை அனுப்பணும், பதிலுக்கு என்ன, ஃபைலும் குப்பியும் ஒன்றா என்கிற சிக்கலான பகுதியை மட்டும் தனி இணைப்பாக எழுதலாம் என்று தள்ளிவைத்துவிட்டார்கள். 2007இல் ஜகார்த்தா கேட்ட கேள்வி அந்த இணைப்புக்குள்தான் உட்கார்ந்திருக்கிறது. அந்தப் பேச்சுவார்த்தை மேசையில் அமெரிக்கா இல்லை; உலக சுகாதார நிறுவனத்திலிருந்தே விலகும் உத்தரவில் அதன் அதிபர் ஜனவரியில் கையெழுத்துப் போட்டிருந்தார். நெட்வொர்க்கின் பெரிய மையங்களில் ஒன்று அட்லாண்டாவில் இருக்கிறது. குப்பிகள் அங்கேயும்தான் போய்க்கொண்டிருந்தன.

இந்த எபிசோடுக்கு இவ்வளவுதான். கேள்விகள் இருந்தா வாய்ஸ் நோட் அனுப்புங்க, அடுத்த எபிசோட்ல எடுத்துப் பேசலாம்.